தளிரின் வயது

நவம்பர் கடைசி. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே உள்ள வைத்தம் காட்டில் ஓக் மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்த்துவிட்டன. இருட்டியதும் அடிமரத்தை ஒட்டிய மண்ணிலிருந்து ஒரு சின்ன உருவம் கிளம்பி, பட்டையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. முதல் பார்வைக்குச் சிலந்தி என்றுதான் தோன்றும். சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குட்டையான நான்கு நுனிகள். வயிறு நிறைய முட்டை. அது ஒரு பெண் அந்துப்பூச்சி. அதைத் தேடி வரும் ஆணுக்கு முழுச் சிறகு உண்டு. விரித்தால் முனைக்கு முனை ஓர் அங்குலம் இருக்கும், மங்கிய பழுப்பு நிறம். மற்ற பூச்சிகள் எல்லாம் ஒடுங்கிப்போன அந்தக் குளிரில் அது பறந்து வருகிறது.

தேன் தரும் பூ இல்லை, புழுவுக்குத் தின்ன இலை இல்லை, வெயிலும் இல்லை. இப்படி ஒரு காலத்தை ஒரு பூச்சி தன் கல்யாண காலமாக ஏன் வைத்துக்கொண்டது? நூறாண்டுக்கு மேலாகப் பல நாட்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அவை நவம்பரை விட்டு ஏப்ரலை நோக்கி நகர்கின்றன. பூச்சியை விட்டு இலையை நோக்கி நகர்கின்றன.

தமிழில் இலையின் வயதுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமக்கும் பெண்ணின் விரலுக்குக் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் உள்ள வேற்றுமை கண்ணை மூடினாலும் தெரியும். இந்த அந்துப்பூச்சியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வேற்றுமையின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதன் உணவு மரங்கள் எவை என்று கேட்டால் நீளமான பட்டியல் கிடைக்கும். அதைவிடச் சரியான கேள்வி, எந்த வயது இலை என்பது.

இலையுதிர்காலத்தில் பறக்கும் அந்துக்கள் பல. அவற்றுள் அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு, இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று மேலே சொன்ன குளிர்கால அந்து. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது. அறிவியல் பெயர் ஆபெரோப்டெரா புரூமாட்டா. அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், சில இடங்களில் ஜனவரியிலும் பறக்கும். மற்றது வட ஐரோப்பாவின் எபிரிட்டா ஆட்டம்னேட்டா, பெயரிலேயே இலையுதிர்காலத்தைச் சுமப்பது. தூர வடக்கில் ஆகஸ்டு கடைசியிலும், தெற்கே போகப்போக அக்டோபர் வரையிலும் பறக்கும். இதில் பெண்ணுக்கும் சிறகு உண்டு. இரண்டின் புழுக்களும் நம் ஊரில் காவடிப்புழு என்று சொல்லும் இனம். உடம்பின் நடுவில் கால் கிடையாது. முன்னே பற்றி, பின்பகுதியை இழுத்து, முதுகைக் காவடிபோல் வளைத்து வளைத்துத்தான் நடக்கும்.

ஒரு தலைமுறையின் கதை முட்டையில் தொடங்குகிறது. ஆணோடு கூடிய குளிர்கால அந்து, மரத்தின் மேல் கிளைகளுக்கு ஏறி, பட்டை வெடிப்புகளிலும் பாசிக்கு அடியிலும் ஒவ்வொன்றாக முட்டையைச் செருகிவைக்கிறது. ஒரு தாய்க்கு நூற்றைம்பது, இருநூறு தேறும். இட்டபோது வெளிர்பச்சை, பிறகு ஆரஞ்சு நிறமாகி அப்படியே பனியையும் உறைபனியையும் தாங்கிக் கிடக்கும். பொரிப்பதற்குச் சில நாள் முன்பு கருநீலமாக மாறும். ஏப்ரலில் வெளியே வரும் புழு நூலிழை மொத்தம்தான். அது உடனே மொட்டைத் தேடும். மொட்டின் செதில்கள் சற்றே நெகிழ்ந்திருந்தால் உள்ளே நுழைந்து, மடிந்து கிடக்கும் இலையை அங்கிருந்தே தின்னத் தொடங்கும். மொட்டு இறுகி மூடியிருந்தால் வழி இல்லை. அப்போது ஒரு பட்டிழையை விட்டுத் தொங்கும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். வேறொரு மரத்தில் விழலாம், வெறும் தரையிலும் விழலாம்.

இடம் கிடைத்த புழு ஐந்தாறு வாரம் தின்று, நான்கு முறை தோலுரித்து, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ மரத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் போகிறது. மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் என்று கோடை முழுவதும் தலைக்கு மேல் பச்சை மண்டிக் கிடக்க, அது அடியில் அசையாமல் கிடக்கும். காட்டில் மற்ற உயிர்கள் எல்லாம் தின்று கொழுக்கும் காலத்தை இது உறங்கிக் கழிப்பதுதான் இந்த வாழ்க்கை வட்டத்தில் என்னை முதலில் ஈர்த்தது.

உணவு மரங்களைப் பார்ப்போம். ஓக் முதலிடம். ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம் ஆகிய பழமரங்கள், பிர்ச், வில்லோ, ஹேசல், எல்ம், மேப்பிள், ஹாத்தார்ன் முள்மரம், அவுரிநெல்லி வகைச் செடிகள் என்று தொடர்கிறது வரிசை. ஸ்காட்லாந்தில் மரமே இல்லாத மேட்டு நிலங்களில் ஹெதர் என்னும் குறுஞ்செடியைப் பரப்புப் பரப்பாக மொட்டையடித்திருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து அங்கே நட்ட சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையும் தின்னப் பழகிக்கொண்டது. தன் முன்னோர் ஆயிரம் தலைமுறைக்கும் கண்டிராத மரம் அது!

இப்படி எதையும் தின்னும் வயிறு எதற்கு? தாயைப் பார்த்தால் புரியும். சிறகுள்ள அந்து தன் பிள்ளைகளுக்கு ஏற்ற செடியைத் தேடிப் போய் முட்டையிடலாம். சிறகில்லாத தாய், தான் மண்ணிலிருந்து வெளிவந்த இடத்தில் எந்த அடிமரம் முதலில் தட்டுப்படுகிறதோ அதில் ஏறுகிறது. மரத்தைத் தேர்ந்தெடுக்க அதனால் முடியாது. பட்டிழையில் தொங்கும் புழுவாலும் முடியாது. காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம்தான் அதன் வீடு. தேர்ந்தெடுக்க முடியாத உயிருக்குப் பல மரத்தையும் செரிக்கும் வயிறு வேண்டும். சிறகுக்குச் செலவாகியிருக்கக்கூடிய சத்தெல்லாம் முட்டைக்குப் போனது. சிறகிழப்பையும் பரந்த உணவுப் பட்டியலையும் தனித்தனிச் செய்திகளாகச் சொல்லும் நூல்கள் உண்டு. இரண்டையும் ஒரே முடிச்சின் இரு இழைகளாகப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன்.

பழத்தோட்டக்காரர்கள் இந்தச் சிறகின்மையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் அக்டோபர் பிறந்ததும் ஆப்பிள் மரத்தின் அடியைச் சுற்றிப் பிசின் தடவிய பட்டையைக் கட்டுவது பழைய வழக்கம். ஏறிவரும் பெண் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இனி இலையின் வயதுக்கு வருவோம். 1960களில் பால் ஃபீனி என்ற ஆய்வாளர் வைத்தம் காட்டு ஓக் இலைகளை ஏப்ரலிலிருந்து கோடை முடியும்வரை விட்டுவிட்டுப் பறித்துச் சோதித்தார். 1970இல் வெளியான அவருடைய கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம். தளிரில் நீரும் புரதமும் மிகுதி. நாள் ஏற ஏற இரண்டும் குறைகின்றன. இலை தடித்துத் தோல்போல் ஆகிறது. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஏறிக்கொண்டே போகிறது. கடுக்காயைக் கடித்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பு நாக்கை என்ன செய்யும் என்று தெரியும். புழுவின் குடலில் அது புரதத்தைப் பிடித்து இறுக்கி, செரிமானத்துக்குக் கிடைக்காமல் செய்கிறது என்பது ஃபீனியின் விளக்கம்.

அவர் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மே நடுவில் பறித்த இலையைச் சில புழுக்களுக்கும், இரண்டு வாரம் பிந்திப் பறித்த இலையைச் சிலவற்றுக்கும் கொடுத்தார். பிந்திய இலையைத் தின்றவை பாதி எடைகூடத் தேறவில்லை. பிறகு இரண்டு வகை இலைகளையும் அரைத்து விழுதாக்கிக் கொடுத்துப் பார்த்தார். வேற்றுமை ஏறக்குறைய மறைந்துபோனது. ஆக, அந்த இரண்டு வாரத்தில் புழுவைத் தோற்கடித்தது முதலில் இலையின் கடினம்தான். வேதியியல் அதற்குப் பின்னால் வருகிறது. பால்பல் வயதுக் குழந்தைக்கு முறுக்கைக் கொடுத்தது போன்ற நிலை அது.

பொரிக்கும் நாள்தான் புழுவின் தலைவிதி என்பது இதனால் விளங்குகிறது. ஒரு வாரம் முந்தினால் மொட்டு திறக்காது. பொரித்த புழு பட்டினியில் சில நாள்தான் தாங்கும். ஒரு வாரம் பிந்தினால் பட்டினி இல்லை, ஆனால் இலை முற்றிக்கொண்டே போகும். புழு சிறுத்து, கூட்டுப்புழுவும் சிறுத்து, அதிலிருந்து வரும் தாயின் முட்டையும் குறையும். முந்தினால் சாவு, பிந்தினால் வறுமை.

இந்தத் தலைவிதியை எண்ணிக்கையாக மாற்றியவர்கள் ஜார்ஜ் வார்லியும் ஜார்ஜ் கிராட்வெல்லும். 1950இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அதே வைத்தம் காட்டில், ஐந்தே ஐந்து ஓக் மரங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஏறும் பெண்களைப் பொறிவைத்து எண்ணினார்கள். இறங்கும் புழுக்களை மரத்தடியில் வைத்த தட்டுகளில் பிடித்து எண்ணினார்கள். 1955–56ஆம் ஆண்டுக் கணக்கு சூழலியல் மாணவர்கள் பலரும் படித்தது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு 4.39 பெண்கள் ஏறின. ஆளுக்கு 150 முட்டை என்று வைத்தால் 658 முட்டை. வளர்ந்து மண்ணுக்கு இறங்கிய புழு 96 மட்டும். ஐநூற்றுக்கு மேற்பட்டவை எங்கே போயின?

அந்த இழப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'குளிர்கால மறைவு'. ஆண்டுக்கு ஆண்டு பூச்சிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதைத் தீர்மானித்த முதன்மைக் காரணி அதுவே என்று 1960இல் எழுதினார்கள். பறவை தின்ற முட்டையும் அதில் அடக்கம். ஆனால் பெரும்பங்கு, மொட்டு திறக்குமுன் பொரித்துக் காற்றோடு போன குஞ்சுப் புழுக்கள். மண்ணுக்குள் நடக்கும் வேட்டை வேறு வகை. வண்டுகளும் மூஞ்சூறுகளும் கூட்டுப்புழுக்களைத் தோண்டித் தின்கின்றன. கூட்டுப்புழு பெருகிய ஆண்டில் அவை தின்னும் விகிதமும் பெருகுகிறது, குறைந்த ஆண்டில் குறைகிறது. ஏப்ரல் மொட்டு ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறது, மண்ணடி வண்டு அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று அந்த இருபதாண்டு உழைப்பை நான் புரிந்துகொள்கிறேன். ஐந்து மரத்தடியில் இரண்டு பேர் பொறுமையாக எண்ணியது இவ்வளவையும் வெளிக்கொண்டுவந்தது.

சரி, ஏன் இலையுதிர்காலம்? புழு ஜூனிலேயே வளர்ந்துவிடுகிறதே, ஜூலையில் சிறகு விரித்து முட்டையிட்டால் என்ன? இட்டால் அந்த முட்டை ஜூலையிலிருந்து ஏப்ரல் வரை மரத்தில் திறந்தவெளியில் கிடக்கவேண்டும். கோடை முழுவதும் அங்கே எறும்பு, முட்டை ஒட்டுண்ணிக் குளவி, பறவை எல்லாம் மும்முரமாக இருக்கும். முட்டையிட வரும் தாய்க்கும் அதே ஆபத்து. எபிரிட்டாவை வைத்து எஸ்டோனியாவின் தோமஸ் தம்மாருவும் அவர் குழுவினரும் இதையே நேரடிக் கேள்வியாக எடுத்து, 2001இல் ஆய்வு வெளியிட்டார்கள். மண்ணில் நீண்ட நாள் கிடப்பதற்கும் விலை உண்டு, சீக்கிரம் வெளிவருவதற்கும் விலை உண்டு. எறும்புகளும் சிலந்தி இனத்து வேட்டையாடிகளும் குளிரில் ஓயும்வரை காத்திருப்பது ஆதாயம், மேலும் தாமதித்தால் உறைபனி கொல்லும் என்பது அவர்கள் வாதம். வௌவால்களும் நவம்பருக்குள் குளிர்உறக்கத்துக்குப் போய்விடுகின்றன.

நம் மானாவாரி நிலக்கடலைக் காட்டின் சிவப்புக் கம்பளிப்பூச்சியும் இப்படி மண்ணுக்குள் மாதக்கணக்கில் கூட்டுப்புழுவாகக் கிடந்து, மழை விழுந்த பிறகு அந்தாக வெளிவருவதுதான். காலத்துக்குக் காத்திருக்கும் கலை ஒன்றே. அங்கே அழைப்பது மழை, இங்கே அழைப்பது குளிர்.

குளிரில் பறப்பது எப்படி என்பது தனி வியப்பு. பொதுவாக அந்துக்கள் பறக்குமுன் தசையை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளும். வட அமெரிக்காவில் உள்ள நெருங்கிய உறவினமான புரூசியாட்டாவை பெர்ன்ட் ஹைன்ரிக்கும் தாமஸ் மொம்சனும் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். அது சூடேற்றிக்கொள்வதே இல்லை. தசை உறைநிலையை ஒட்டியிருக்கும்போதும் பறக்கிறது. அதற்கெனத் தனியான இயந்திரம் எதையும் அவர்கள் காணவில்லை. உடல் எடைக்குச் சிறகு மிகப் பெரிது. ஆகவே மெல்ல அடித்தாலே போதும். முட்டை சுமக்கும் பெண்ணால் அந்தக் கணக்குக்குள் வரமுடியாது. சிறகு ஏன் ஆணுக்கு மட்டும் மிஞ்சியது என்பதற்கு இதுவும் ஒரு பதில். பெண் விடும் வாசனைதான் இருவரையும் சேர்க்கும் தூது. அதன் வேதிப்பொருளை 1982இல் கண்டறிந்தபோது, ஆண்கள் கடுங்குளிரிலும் அதற்கு இசைந்து வருவது தெரிந்தது.

வடக்கே போனால் கதை கடுமையாகிறது. நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றின் வடமுனையில், ஊசியிலைக் காடும் முடிந்த இடத்தில், குட்டையான மலைப் பிர்ச் மட்டும் நிற்கிறது. எபிரிட்டாவின் தலைமையகம் அது. வில்லோ, குட்டைப் பிர்ச், அவுரிநெல்லி எல்லாம் தின்னும் என்றாலும் அங்கே பிர்ச்சை விட்டால் வேறு மரம் ஏது? ஏறத்தாழ ஒன்பது, பத்து ஆண்டுக்கு ஒருமுறை புழுக்கள் பெருகுகின்றன. 1862இலிருந்து 1968 வரையிலான பெருக்கங்களை ஒல்லெ டெனோவ் பழைய பதிவுகளிலிருந்து தொகுத்தார். 1965–66இல் பின்லாந்தின் உட்ஸ்யோக்கிப் பகுதியில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிர்ச் காடு மொட்டையானது. பல இடங்களில் அது திரும்பி வரவே இல்லை. கலைமான்கள் புதுத் துளிரை மேய்ந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அதே காட்டில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி மட்டும் பச்சையாகத் தப்பிப்பதும் உண்டு. கனத்த குளிர்காற்று இரவில் சரிந்து பள்ளத்தில் தேங்குகிறது. எபிரிட்டா முட்டை மைனஸ் 36 டிகிரி வாக்கில் உறைந்து செத்துவிடும். தேங்கிய குளிர் அதற்குக் கீழே போன ஆண்டில் பள்ளத்து மரங்களில் முட்டை மிஞ்சாது. சரிவில் நிற்கும் மரங்கள் மட்டும் தின்னப்படும். டெனோவும் நில்சனும் 1990இல் இதை விளக்கினார்கள். காட்டில் தெரியும் அந்தப் பச்சைக்கோடு, குளிர்கால இரவொன்றின் வெப்பமானி அளவு.

பத்தாண்டுச் சுழற்சி எதனால்? பின்லாந்தின் கெவோ ஆய்வு நிலையத்தில் எர்க்கி ஹவுகியோயாவும் தோழர்களும் 1970களில் மரத்தின் பக்கம் கை காட்டினார்கள். ஒருமுறை மொட்டையடிக்கப்பட்ட பிர்ச், அடுத்த ஆண்டுகளில் தரம் குறைந்த இலையை விடுகிறது. அது புழுவை அடக்குகிறது என்றார்கள். அழகான கருத்து, பல ஆய்வுகளைத் தூண்டிய கருத்து. பின்னால் வந்த சோதனைகளில் அந்த விளைவு இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஒட்டுண்ணிக் குளவிகளின் பங்கு பெரிது என்ற பக்கமே இன்று தராசு சாய்ந்திருக்கிறது. மரம் தன்னைக் காக்கிறது என்பது உண்மைதான். சுழற்சி முழுவதையும் அதன் தலையில் ஏற்றுவது அதிகம் என்று எனக்கும் படுகிறது.

இப்போது அந்தப் பிர்ச் காட்டில் இரண்டு அந்துக்களும் சேர்ந்து நிற்கின்றன. குளிர்கால அந்து முன்பு மிதமான கடலோரப் பகுதிகளில்தான் பெருகிவந்தது. குளிர்காலம் மிதமாக மிதமாக அது வடகிழக்காக நகர்ந்தது; எபிரிட்டாவின் பெருக்கமும் முன்பு மிகக் குளிர்ந்திருந்த உள்நிலங்களுக்குப் பரவியது. ஜேன் யெப்சனும் குழுவினரும் 2008இல் இதைக் காட்டினார்கள். அந்தப் பத்தாண்டில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் காடு பாதிக்கப்பட்டது. ஒன்று ஓய்ந்ததும் மற்றது தொடர்ந்தால் மரத்துக்கு மூச்சுவிட நேரம் இல்லை. செத்த பிர்ச்சின் அடியில் அவுரிநெல்லி வகைச் செடிகள் போய்ப் புல் மண்டுகிறது. அந்த வடநிலத்தின் பழங்குடியினரான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தின் முகமே அதோடு மாறுகிறது.

அட்லாண்டிக்கைத் தாண்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1949இல் குளிர்கால அந்து அடையாளம் காணப்பட்டது. வந்திறங்கியது அதற்கும் முன்பே. 1954 முதல் ஐரோப்பாவிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சைசனிஸ் என்னும் ஈ அவற்றுள் ஒன்று. அது புழுவின் மேல் முட்டையிடுவதில்லை. கடிபட்ட இலையின் மேல் நுண்ணிய முட்டைகளை இட்டுவைக்கும். புழு இலையோடு சேர்த்து அதையும் விழுங்கும். பிறகு உள்ளிருந்து தின்னப்படும். சில ஆண்டுகளில் அந்து அடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், 2005இலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் இதே ஈ உதவியது.

சொந்த ஊரான வைத்தத்தில் இந்த ஈ அற்ப ஆளாகத்தான் இருந்தது. வார்லியின் விளக்கம் இது: ஈயின் கூடு பத்து மாதம் மண்ணில் கிடக்கிறது, அந்தின் கூடு ஐந்து மாதம்தான், ஆகவே வண்டுகள் ஈயைத்தான் அதிகம் தின்கின்றன. கனடாவிலோ ஈ அந்தைக் குறைத்ததும், மிஞ்சிய கூட்டுப்புழுக்களை அந்த ஊர் வண்டுகள் பிடித்துக்கொண்டன என்று யென்ஸ் ரோலண்ட் பின்னர் காட்டினார். ஓர் எதிரியை இறக்குமதி செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பின்பாதியையும் படிக்கவேண்டும்.

கடைசியாக நெதர்லாந்து. முட்டையும் மொட்டும் வசந்த வெப்பத்தைக் கேட்டுத்தான் விழிக்கின்றன, ஆனால் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. முட்டை உறைபனி நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. மார்செல் விஸ்ஸரும் லியோனார்ட் ஹோல்மனும் 2001இல் காட்டியது இது: வசந்தம் சூடேறியபோதும் உறைபனி நாட்கள் அதற்கேற்பக் குறையவில்லை; முட்டை ஓக்கைவிட வேகமாக முந்திக்கொண்டு பொரித்தது. மொட்டு மூடியிருக்கப் புழு வெளியே நின்றது. இந்தப் புழுவை நம்பிக் குஞ்சு வளர்க்கும் கிரேட் டிட், நம் பட்டாணிக்குருவியின் சொந்தம். அதன் கூட்டுக்காலமும் புழுக்காலமும் விலகிப்போவதை ஹோஹே வெலூவே காட்டில் 1955இலிருந்து தொடரும் பதிவுகள் சொல்கின்றன.

பட்டினியில் செத்தவை எல்லாம் அவசரக்காரர்கள். பிழைத்தவை சற்றுப் பிந்திப் பொரித்தவை; அந்தத் தாமதம் பிள்ளைகளுக்கும் போனது. மார்கரீட் வான் ஆஸ் தலைமையில் 2013இல் வெளிவந்த ஆய்வு, சில தலைமுறைகளுக்குள்ளாகவே முட்டைகள் அதே வெப்பத்தில் முன்பைவிடச் சில நாள் தாமதமாகப் பொரிக்கத் தொடங்கிவிட்டதைக் கண்டது. மாறியது மரபிலேயே. ஓக் இருக்கும் பக்கமாக முட்டை தன் நாளை நகர்த்திக்கொண்டது. இப்போது அந்தக் காட்டில் ஏப்ரல் பிறக்கும்போது, பட்டை வெடிப்பில் கிடக்கும் ஆரஞ்சு நிற முட்டை, தன் பாட்டி முட்டை நீலமான நாளைத் தாண்டி இன்னும் சில நாள் ஆரஞ்சாகவே இருக்கிறது.